திறப்பு என் கைப்பையில் இருந்தது

போதைப் பழக்கம் பற்றிய இணையவழிப் பாடநெறி, புதிதாகச் சேரும் சமூக சேவை உத்தியோகத்தர் எல்லோருக்கும் இனிமேல் கட்டாயமாம். அதைப் படித்த முதல் அணியில் நானும் ஒருத்தி. ஆகவே உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள், புதுப் பிள்ளைகளுக்கு உதவும் என்று என் பழைய அலுவலகத்தில் கேட்டார்கள். நான் எடுத்த புள்ளி அவர்களுக்குத் தெரியும். அந்த அணியில் என்னுடையதுதான் கூடிய புள்ளி. சான்றிதழை மட்டும் நான் போய் வாங்கவில்லை. அது இன்னும் அங்கே ஏதோ ஒரு கோவைக்குள் கிடக்கும். ஏன் வாங்கவில்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன். இதை அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

வேலையில் சேர்ந்த முதல் பத்து வருடத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். இடம்பெயர்ந்தவர்களின் பெயர்ப்பட்டியல் எழுதினேன். பட்டியலில் இருந்தவர்கள் மறுபடி இடம்பெயர்ந்தார்கள், நானும் மறுபடி எழுதினேன். பயிற்சி என்று யாரும் தனியாகத் தரவில்லை. ஒரு சைக்கிளும் ஒரு கட்டுப் படிவமும் தந்தார்கள். ஒரு வீட்டுக்குள் போய் எப்படிக் கேள்வி கேட்பது என்பதைப் பிற்காலத்தில் எனக்குக் காட்டித் தந்தவர் எங்கள் மேற்பார்வை அதிகாரி தவமணி மிஸ். அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பதைச் சேவைக் கோவையில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

தவமணி மிஸ் சத்தம் போட மாட்டார். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் கொப்பியைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அந்த அமைதி தாங்காமல் எதிரே இருப்பவர் ஏதாவது உளறுவார். அதைத்தான் எழுதிக்கொள்வார். அறிக்கையில் 'குடிகாரன்' என்று எழுதினால் அதை வெட்டி, மேலே சிவப்பு மையில் 'ஆள்' என்று எழுதுவார். 'அடிமை' என்றாலும் 'ஆள்'தான். ஒருமுறை என்னுடைய ஒரே பக்கத்தில் பதினொரு 'ஆள்' விழுந்திருந்தது. அன்று முழுக்க அவரோடு நான் கதைக்கவில்லை.

குருநகரில் ஒரு வீட்டுக்கு அவருடன் போனதைச் சொல்ல வேண்டும். கணவர் குடிவெறியோடு கடலுக்குப் போகிறார், ஒருநாள் திரும்பி வரமாட்டார் என்று மனைவி முறைப்பாடு எழுதியிருந்தார். வீட்டில் இருந்த போத்தலை மாமி பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டா, இவருக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்றே தெரியவில்லை என்று அழுதார். நான் படிவத்தை எடுத்து முதலாவது கேள்வியை வாசிக்கத் தொடங்கினேன். மிஸ் அந்த மாமியாரின் பக்கம் திரும்பி, "திறப்பு ஆரிட்டை?" என்று மட்டும் கேட்டார். பிறகு கொப்பியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தாய், மகன் வள்ளத்தில் கால் வைக்கும்போது கை நடுங்கக்கூடாதென்று தினமும் விடியக்காலையில் ஒரு மருந்து மூடியால் சாராயம் அளந்து கொடுப்பதாகத் தானாகவே சொன்னார். அதைப் பாசமென்றுதான் அவர் நினைத்திருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மிஸ் சொன்னார். "பூட்டுப் போட்ட வீட்டிலை, திறப்பு வைச்சிருக்கிற ஆளிலையிருந்து தொடங்கவேணும் சறோ. குற்றம் பிடிக்கிறதுக்கில்லை. தனக்கு எல்லாம் தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறது அந்த ஆள்தான்." அதை நான் எழுதி வைத்தேன். எனக்குப் பின் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லியும் கொடுத்தேன். ஊருக்கு உபதேசம் செய்வதில் எனக்கு என்றைக்கும் குறைவிருந்ததில்லை.

ஓய்வுக்குப் பத்து மாதம் இருக்கும்போது இந்தப் பாடநெறி வந்தது. கிழவிக்கு எதற்குப் படிப்பு என்று அலுவலகத்தில் பகிடி பண்ணினார்கள். அந்தப் பகிடிக்காகவே சேர்ந்தேன். புதன்கிழமைகளில் பின்னேரம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை வகுப்பு. வடக்கு முழுவதிலுமிருந்து இருபத்திரண்டு பேர் அவரவர் வீட்டிலிருந்து சேர்வோம். எங்கள் பிரிவை நடத்தியவர் தவமணி மிஸ்தான். முகம் தொடர்ந்து திரையில் தெரிந்தால்தான் வரவு. வராதவர்கள் பிறகு பார்ப்பதற்காக ஒவ்வொரு வகுப்பையும் பதிவு செய்து வைப்பார்கள். வீட்டிலிருந்து சேர்வதால் பின்னணியில் குழந்தை ஓடும், ஆடு வரும், துவாயோடு யாராவது குறுக்கே போவார்கள். ஆகவே முதல் நாளே எல்லோருமாக ஓர் உடன்பாடு செய்தோம். ஒருவரின் வீட்டில் தெரிவதை மற்றவர்கள் பார்க்கவில்லை. பார்த்தாலும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. மனிதசேவை செய்கிறவர்களுக்கு ஏற்ற மரியாதையான உடன்பாடு. நானும் கை உயர்த்தினேன்.

எனக்கு இன்னொரு கரைச்சல் இருந்தது. திரையில் என் முகமும் ஒரு பெட்டிக்குள் தெரிந்துகொண்டே இருக்கும். இரண்டு மணித்தியாலம் என்னை நானே பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை. கணினி வேலை பார்க்கும் பிள்ளையிடம் சொன்னேன், மற்றவர்களுக்கு என் முகம் தெரியட்டும், எனக்குத் தெரியாமல் செய்துவிடு என்று. அவள் சிரித்துக்கொண்டு எதையோ அழுத்தினாள். அதன்பிறகு என் பெட்டி எனக்குத் தெரியவில்லை. என் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரியவில்லை. அதை அப்போது நான் யோசிக்கவேயில்லை.

அச்சுவேலியில் எங்கள் வீட்டில் அப்போது மூன்று பேர். நான், கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்ற என் கணவர், அவருடைய மூத்த சகோதரி பாக்கியம் மச்சாள். மச்சாளுக்குப் புற்றுநோய் எலும்புவரை போயிருந்தது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அரைநாள் லீவு எடுத்து நானே அவவைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். வலிக்கான குளிசையை ஒரு கிழமைக்கு மேல் தரமாட்டார்கள். சின்னக் கடதாசி உறையில், எண்ணி, கையெழுத்து வாங்கித் தருவார்கள். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அலுமாரியில் பூட்டி வைத்து, என் கையாலேயே கொடுப்பேன். திறப்பு என் கைப்பையில் இருக்கும். பகலில் அது என்னோடு அலுவலகத்துக்கு வரும். படுக்கும்போது தலைமாட்டில் இருக்கும். எனக்குக் கோழித் தூக்கம். என் கணவர் இரண்டு வருடத்துக்கு முன் மோட்டார் சைக்கிளால் விழுந்து, முதுகுநோவுக்காகப் பல மாதம் கடுமையான குளிசை எடுத்தவர். பிறகு வைத்தியர் அதை நிறுத்திவிட்டார். இப்போது சுகமா என்று கேட்டால் சுகம் என்பார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

மூன்றாவது வகுப்பில் எங்களுக்கு அறிகுறிகளைப் படிப்பித்தார்கள். நேரத்துக்கு முன்னமே கேட்பது. கொடுத்தது போதாது, வேலை செய்யவில்லை என்று சாதிப்பது. கோபம், அழுகை, கெஞ்சல். நான் எழுதிக்கொண்டே போனேன். நாலாவது வகுப்புக்குப் பிறகு அந்தப் பட்டியல் முழுவதையும் பக்கத்து அறையில் மச்சாளிடமே கண்டேன். அதிலிருந்து அவ அப்படித்தான் இருந்தா. செவ்வாய் இரவு மட்டும் நல்ல நித்திரை. புதன் இரவிலிருந்து அனுங்கத் தொடங்குவா. பின்னேரக் குளிசைக்கு மத்தியானமே கேட்பா. நான் உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தால் அதை வாயில் போடாமல் விரலால் உருட்டிப் பார்ப்பா.

"பிள்ளை, இது அது இல்லை" என்று ஒருநாள் சொன்னா.

உறையை எடுத்துவந்து அவவின் முன்னாலேயே எண்ணிக் காட்டினேன். கணக்குச் சரியாக இருந்தது. அதே வெள்ளை, அதே அளவு. அவ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா. அன்று பயிற்சிக் கொப்பியில் நான் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம்: 'மருந்தின் மேல் சந்தேகம், கூடுதலாகப் பெறும் முயற்சி.' அடுத்த செவ்வாய், வலி கூடினால் அளவைக் கூட்டலாம் என்று கிளினிக் வைத்தியர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். பழகிவிடுவா டொக்டர், நான் இந்தத் துறையில் இருக்கிறவள், எனக்குத் தெரியும் என்றேன். அவர் என் உத்தியோகத்துக்கு மரியாதை கொடுத்துத் தலையாட்டினார். மச்சாள் சக்கர நாற்காலியில் பக்கத்திலேதான் இருந்தா.

அதற்கு அடுத்த கிழமையிலிருந்து மச்சாள் கேட்பதை அடியோடு நிறுத்திவிட்டா. கொடுத்ததை உருட்டிப் பார்க்காமல் விழுங்கினா. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டா. தலையணையின் ஓரம் கடிபட்டு நைந்திருந்ததைக் கண்டேன். அதைப் பழசு என்று நினைத்து உறையை மாற்றினேன். மூன்று கிழமை இப்படிப் போனதும் எனக்குப் பெருமையாகிவிட்டது. உறுதியாக நின்றால் ஆள் வழிக்கு வரும் என்று எங்கள் பாடத்திலேயே இருந்தது. இறுதி மதிப்பீட்டுக்கு ஒவ்வொருவரும் ஒரு விடயத்தை விவரித்துச் சொல்ல வேண்டும். நான் இதையே எடுத்தேன். விதிப்படி பெயரையும் ஊரையும் மாற்றினேன். தென்மராட்சியில் ஒரு வீடு, ஒரு நோயாளிப் பெண், அவவுக்கு மருந்து கொடுக்கும் மருமகள் என்று எழுதி வைத்தேன்.

அன்று பின்னேரம் நல்ல வெயில். யன்னல் திறந்திருந்தது. மேசையில் மடிக்கணினி, என் காதில் ஹெட்செட், பின்னால் அலுமாரி. கைப்பையை வழக்கம்போல் கதிரையின் முதுகில் கொழுவியிருந்தேன். ஐந்து நிமிடம் வாசித்திருப்பேன். புதன் தொடங்கி அடுத்த செவ்வாய்வரை கேட்டுக்கொண்டே இருப்பார் என்று வாசித்தேன். நோயாளி பொய் சொல்லப் பழகியிருந்தார் என்று வாசித்தேன். அப்போது மன்னாரிலிருந்து சேரும் பிள்ளை தன் கையை வாயில் வைத்தாள். என் விவரணம் அவளை உருக்கிவிட்டது என்று நினைத்து இன்னும் அழுத்தி வாசித்தேன். கிளிநொச்சிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார். பிறகு ஒவ்வொரு பெட்டியாக எல்லா முகமும் ஒரே மாதிரி ஆகின. யாரும் அசையவில்லை.

தவமணி மிஸ் குறுக்கிட்டார். ஒருவர் வாசிக்கும்போது அவர் குறுக்கிட்டதை நான் அதுவரை கண்டதில்லை.

"திறப்பு ஆரிட்டை?"

"மருமகளிட்டை மிஸ். அவவின்ரை கைப்பையிலை. வேறை ஒருத்தரும் தொடுறேல்லை."

மிஸ் மிக மெதுவாக, "சறோ, உங்கடை கைப்பை இப்ப எங்கை?" என்று கேட்டார்.

"கதிரையிலை. பின்னாலை."

"திரும்பாதேங்கோ" என்றார். "வாசிக்கிறதை நிப்பாட்டவும் வேண்டாம்."

நான் திரும்பவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை, அவர் சொன்னால் கேட்கிற இத்தனை வருடப் பழக்கமாக இருக்கலாம். கடதாசியைப் பார்த்து வாசித்தேன். கதிரையின் முதுகு என் தோளில் மெல்ல அசைந்தது. பையின் வார் தூக்கப்பட்டு, திரும்பவும் கொழுவப்பட்டது. ஹெட்செட்டுக்குள் எனக்கு ஒரு சத்தமும் வரவில்லை. நோயாளி இப்போது ஒத்துழைக்கிறார், குடும்பத்தினர் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று என் வாய் வாசித்துக்கொண்டே போனது. வாசித்து முடித்தபோது திரையிலிருந்த முகங்களில் பாதி அழுதுகொண்டிருந்தன.

மற்றவர்களை அனுப்பிவிட்டு மிஸ் என்னை மட்டும் வைத்துக்கொண்டார். வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர் என் பையிலிருந்து திறப்பை எடுத்து, அலுமாரியைத் திறந்து, உறையிலிருந்ததைத் தன் பைக்குள் கொட்டி, தன் பையிலிருந்ததை உறைக்குள் போட்டார் என்று சொன்னார். ஐந்தாறு கிழமையாக எல்லோரும் அவரைக் கண்டிருக்கிறார்கள். நோயாளிக்கு மருந்து எடுக்கிறார் என்று நினைத்திருக்கிறார்கள். உடன்பாடு இருந்ததால் யாரும் கதைக்கவில்லை. ஏன் என்னைத் திரும்ப விடவில்லை என்று கேட்டேன். "இத்தினை பேருக்கு முன்னாலை பிடிபட்டால் அந்த ஆள் நேரை எங்கை போகும்? உங்கடை வளவிலை கிணறு இருக்கெல்லே" என்றார். பிறகு ஒன்று, இரண்டு என்று சொல்லித் தந்தார். முதலில் மச்சாளின் வலி. அதுவரை வீட்டில் ஒரு சொல்லும் வேண்டாம். உறையோடு ஓட்டோவில் ஆசுபத்திரிக்குப் போங்கள். வைத்தியருக்கு முழு உண்மையையும் சொல்லுங்கள். தான் பஸ் எடுத்து அங்கே வருவதாகச் சொன்னார்.

உறையில் இருந்தது சத்துக் குளிசை. வைத்தியர் புதிதாக எழுதித் தந்தார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. பொழுதுபட முன்னம் வீட்டுக்கு வந்து, மச்சாளின் வாயில் அசல் குளிசையை வைத்தேன். அவவின் நாக்கு அதைத் தொட்டதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு முனகல் நின்றது. நான் பயந்துபோய் மூக்கருகில் கை வைத்துப் பார்த்தேன். வலியில்லாமல் அவ மூச்சுவிடும் சத்தத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

அடுத்த நாள் காலையில் அவவின் கட்டிலடியில் இருந்து மன்னிப்புக் கேட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவ என் விரலைப் பிடித்துக்கொண்டா. எப்போது தெரியும் என்றதற்கு, எதிர்ச்சுவர்க் கண்ணாடியைக் கண்ணால் காட்டினா. அறை வாசலூடாக அந்தக் கண்ணாடியில் என் மேசை தெரியும். மேசையில் நான் குனிந்து எழுதுவதும், என் முதுகுக்குப் பின்னால் தன் தம்பி நிற்பதும் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் கேட்பதை நிறுத்தியிருக்கிறா.

"ஏன் மச்சாள் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ அவனை விட்டிட்டுப் போயிடுவாய்" என்றா. "என்ரை நோ என்னோடை முடியும். அவனுக்கு உன்னை விட்டால் ஆர் இருக்கினம்?"

என் கணவரோடு கதைத்தது அன்று மத்தியானம், தவமணி மிஸ்ஸும் இருக்கும்போது. மிஸ் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொப்பியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கணவர் அழவில்லை, மறுக்கவுமில்லை. விழுந்த காலத்திலிருந்தே விட முடியவில்லை என்றார். சங்கத்தில் கணக்கு விளக்குகிற அதே குரலில், "நீர் படிக்கிற நேரந்தான் நீர் வீட்டிலை இல்லாத நேரம்" என்று என்னிடம் சொன்னார். மூன்றாம் நாள் அவரே சம்மதித்துச் சிகிச்சைக்குப் போனார். மிஸ்தான் கூட்டிக்கொண்டு போனார். என்னைக் கூட்டிப் போகவில்லை. மச்சாள் அதற்குப் பிறகு ஐந்து கிழமை இருந்தா. அந்த ஐந்து கிழமையும் நோ இல்லாமல் இருந்தா, ஒருநாள் கொழுக்கட்டைகூடக் கேட்டா. அந்த ஐந்து கிழமைக்காக நான் யாரிடமும் நன்றி எதிர்பார்க்க முடியாது. அதற்கு முந்திய கிழமைகளும் என்னுடையவைதான்.

மச்சாளின் அந்தியேட்டிக் கிரியை முடிந்து வேலைக்குப் போனதும் வகுப்புப் பதிவுகளைக் கேட்டு வாங்கினேன். பார்க்க வேண்டாம் என்று மிஸ் சொன்னார். பார்த்தேன். மூன்றாவது வகுப்பில் நான் அறிகுறிகளை எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் வாசல் திரைச்சீலை அசைகிறது, அவ்வளவுதான். நாலாவதில் சாரத்தோடு வெறும் மேலாக வந்து, திரையில் இத்தனை முகங்களைக் கண்டு திகைத்து, போய்விடுகிறார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வருகிறார். அப்போது சேட்டுப் போட்டிருக்கிறார். ஐந்தாவதிலிருந்து எப்போதும் வெள்ளைச் சேட்டு, தலை வாரியிருக்கிறது. வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கும்போது எப்படி வருவாரோ அப்படி. ஆறாவதில் உறையை மாற்றிவிட்டு, நேரே கமராவைப் பார்த்து, விருந்தாளிகளுக்குச் செய்வதுபோல் மரியாதையாகத் தலையை ஒருமுறை தாழ்த்துகிறார். அங்கே இரண்டு மூன்று பேர் பழக்கத்தில் பதிலுக்குத் தலையசைக்கிறார்கள். நான் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கடைசிப் பதிவில், நோயாளி பொய் சொல்கிறார் என்று நான் வாசிக்கும் இடத்தில், அவர் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்கிறார். அந்த வசனம் முடியும்வரை நிற்கிறார். பிறகு அலுமாரியைத் திறக்கிறார்.

ஓய்வுபெற்று இப்போது நாங்கள் இரண்டு பேரும்தான் வீட்டில். அவர் குளிசையை விட்டுவிட்டார். கிளினிக்கில் சோதித்துச் சொல்கிறார்கள், நானும் நம்புகிறேன். சத்தமில்லாமல் நடக்க அந்த மாதங்களில் பழகியதை மட்டும் அவரால் விட முடியவில்லை. நான் இதை எழுதும் மேசைக்குப் பின்னால் எத்தனை தரம் வந்து நின்றார் என்று எனக்குத் தெரியாது. முதுகு சில்லிட்டுத் திரும்பினால் நிற்பார். ஒரு கையில் தேத்தண்ணீர் இருக்கும். மற்றக் கையை விரித்து, உள்ளங்கை தெரிய எனக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பார். அப்படிச் செய்யச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணீரை வாங்குகிறேன்.